விடுதலை வேறு, விடுவிப்பு வேறு

கேரள நீர்மின் நிலையங்களைப் புதுப்பிக்க கனடாவின் லாவலின் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தால் அரசுக்கு நஷ்டம் என்பதுதான் லாவலின் கேஸ்; அப்போது மின்துறை அமைச்சராக இருந்தவர் பினராயி விஜயன். அந்தக் கேஸில் 'முழு விசாரணை நடத்தி, 2017-லேயே ஹைகோர்ட் பினராயி விஜயனை விடுதலை செய்துவிட்டது' என்று இணையத்தில் ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அங்கேதான் தப்பு. சாட்சி விசாரணையே தொடங்கவில்லை, அப்புறம் எப்படி விடுதலை?

நடந்தது விடுவிப்பு, அதாவது சாட்சி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து நீக்குவது. குற்றச்சாட்டு பதியவே முகாந்திரம் இல்லை என்று 2013 நவம்பரில் திருவனந்தபுரம் சிபிஐ கோர்ட் சொன்னது. 2017 ஆகஸ்டில் ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. ஆனால் அதே தீர்ப்பில், மின்வாரிய முன்னாள் அதிகாரிகள் மூன்று பேர் விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இதை யாரும் பகிர்வதில்லை! சிபிஐ உச்ச நீதிமன்றம் போனது. அங்கே வாய்தாவுக்கு மேல் வாய்தா.

374.50 கோடி 'சுருட்டினார்கள்' என்று பதிலுக்கு எழுதியவருக்கும்: அது அரசுக்கு ஏற்பட்டதாகச் சொல்லப்பட்ட நஷ்டக் கணக்கு, யாருடைய பையிலும் பிடித்த பணமில்லை.

மூணாறில் எங்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. அடிமாலி பஸ்ஸில் போனால் பள்ளிவாசல் மலையில் மின் நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் ராட்சதக் குழாய்கள் தெரியும். பள்ளிவாசல், செங்குளம், பன்னியார் நிலையங்களைப் புதுப்பித்த ஒப்பந்தம்தான் கேஸே. டீக்கடையில் பாதிப் பேர் 'தப்பிச்சார்' என்கிறார்கள், மீதிப் பேர் 'இனி ஒண்ணும் நடக்காது' என்கிறார்கள். தீர்ப்பைப் படித்தவர் யாரும் அந்தப் பெஞ்சில் இல்லை.