உரைத்தும் என்றல், உரைத்தாம் என்றல்

முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் இயலை எழுதிக் கொடுத்தபோது, 'நான்' என்று வந்த இடங்களையெல்லாம் என் நெறியாளர் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். 'ஆய்வாளர்' என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன். 'இந்தப் பாடத்தை நான் ஏற்கவில்லை' என்றிருந்த வரி, 'இப்பாடம் ஆய்வாளரால் ஏற்கப்படவில்லை' என்று ஆனது. எந்த ஆய்வாளர்? அதற்கு முந்தைய பத்தியில்தான் வேறு இரண்டு ஆய்வாளர்களின் கருத்தைச் சொல்லியிருந்தேன். யார் எதை மறுக்கிறார் என்பதே படிப்பவருக்குப் புரியாமல் போயிற்று. நெறியாளரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் எழுதுபவரும் படிப்பவரும் கண்ணில் படாமல் இருந்தால்தான் அது ஆய்வு என்ற எண்ணத்தை நான் முழுமையாக எதிர்க்கிறேன்.

கென் ஹைலேண்ட் என்ற மொழியியலாளர் 8 துறைகளைச் சேர்ந்த 240 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் எழுதுபவர் படிப்பவரை எப்படி அருகில் அழைக்கிறார் என்று ஆராய்ந்து 2005-இல் எழுதினார். 'நாம்' என்று சேர்த்துக்கொள்வது, 'கவனிக்க' என்று ஏவுவது, கேள்வி கேட்பது, 'நமக்குத் தெரிந்ததுதான்' என்று பொது அறிவைத் தொட்டுக்காட்டுவது, நடுவில் நிறுத்தி ஒரு வார்த்தை தனியாகச் சொல்வது என ஐந்து வழிகளை அவர் காட்டுகிறார். அந்த 8 துறைகளில் தத்துவமும் உண்டு, இயற்பியலும் இயந்திரப் பொறியியலும் உண்டு. அளவு துறைக்குத் துறை மாறுகிறதே தவிர, வாசகரை முற்றிலும் மறந்துவிட்டு எழுதும் துறை என்று ஒன்று இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு நன்னூல்தான் நினைவுக்கு வந்தது. நூலுக்குரிய 32 உத்திகளைப் பவணந்தியார் அடுக்குகிறாரே, அவற்றில் பல வாசகரை வழிநடத்தும் உத்திகள். சொல்லப்போவது இன்னது என்று முதலிலேயே சொல்லிவிட்டு உள்ளே போவது நுதலிப் புகுதல். முதலில் மொத்தமாகச் சொல்வது தொகுத்துச் சுட்டல், அப்புறம் பிரித்துச் சொல்வது வகுத்துக் காட்டல். 'இதைப் பின்னால் சொல்வோம்' என்பது உரைத்தும் என்றல். 'இதை முன்பே சொன்னோம்' என்பது உரைத்தாம் என்றல். எழுத்து தன்னைப் பற்றியே பேசி வாசகருக்கு வழி காட்டும் இந்தப் பழக்கத்துக்கு நம்மிடம் பெயரே இருந்திருக்கிறது. மனப்பாடச் செய்யுளாக மட்டும் அதைக் கடந்து வந்துவிட்டோம் என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

உரையாசிரியர்களிடம் போனால் இந்த உத்திகள் உயிரோடு நடமாடுவதைப் பார்க்கலாம். 'எனின்' என்று படிப்பவரின் மறுப்பைத் தாங்களே எழுப்புவார்கள். 'அற்றன்று', அதாவது 'அப்படியன்று', என்று விடை சொல்லத் தொடங்குவார்கள். 'காண்க', 'கொள்க', 'அறிக' என்பவை ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தொட்டுக் காட்டுவது போன்றவை. பரிமேலழகர் திருக்குறளின் புதிய அதிகாரத்துக்குள் நுழையும்போது, முந்தையதற்குப் பின் இது ஏன் வைக்கப்பட்டது என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். 133 அதிகாரம் கொண்ட நூலில் வாசகர் திசை தெரியாமல் நின்றுவிடக் கூடாது என்ற கவலை அது.

இன்றைய ஆய்வேடுகளிலும் வழிகாட்டும் சொற்கள் இல்லாமல் இல்லை. 'என்பது குறிப்பிடத்தக்கது', 'என்பது நோக்கத்தக்கது', 'என்பது வெள்ளிடைமலை' எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ஏன் குறிப்பிடத்தக்கது என்று அடுத்த வரி சொன்னால் சரி, பெரும்பாலும் சொல்வதில்லை. 'வெள்ளிடைமலை' இன்னும் மோசம். 'எனின்' என்ற சொல் வாசகரின் ஐயத்துக்கு இடம் கொடுக்கிறது. 'வெள்ளிடைமலை' அந்த ஐயத்தை எழும்பவே விடாமல் அடக்குகிறது. சான்று வலுவில்லாத இடத்தில்தான் அந்தச் சொல் அதிகம் தலைகாட்டுகிறது என்பது திருத்திப் படித்த அனுபவத்தில் நான் கண்டது.

'எனலாம்' என்பதன் கதை வேறு. அதை நான் விரும்புகிறேன், சரியான இடத்தில் வந்தால். 'கூடும்', 'போலும்', 'எனலாம்' ஆகியவை எழுதுபவர் தன் சான்று எவ்வளவு தூரம் தாங்கும் என்று வாசகரிடம் நேர்மையாகச் சொல்லும் சொற்கள். 1953-இல் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை அறிவித்த வாட்சனும் கிரிக்கும், தங்கள் சின்னஞ்சிறு கட்டுரையை 'ஓர் அமைப்பை முன்வைக்க விரும்புகிறோம்' என்றுதான் தொடங்கினார்கள். மரபுப்பொருள் எப்படி நகலெடுக்கப்படக்கூடும் என்பதை, இரு இழைகளின் காரங்கள் ஒன்றோடொன்று சேரும் இந்த இணைவு உடனே உணர்த்துகிறது என்பது எங்கள் கவனத்துக்குத் தப்பவில்லை என்று கட்டுரையின் பின்பகுதியில் ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். அங்கே 'நாங்கள்' இருக்கிறது, அடக்கமும் இருக்கிறது, மிச்சத்தை வாசகரே ஊகித்துக்கொள்ள இடமும் இருக்கிறது. இதற்கு எதிர்ப்புறம், 'தொல்காப்பியம் ஓர் இலக்கண நூல் எனலாம்' என்று எழுதப்படும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அதில் என்ன ஐயம்? ஐயம் இல்லாத இடத்தில் 'எனலாம்' போட்டுப் பழகிவிட்டால், உண்மையாகவே ஐயம் உள்ள இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை செய்யும் சக்தி இருக்காது.

போன வாரம் ஒரு மாணவி தன் இரண்டாம் இயலைக் கொண்டுவந்தார். 'ஆய்வாளர் கருதுகிறார்' என்று ஏழு இடங்களில் இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் 'யார்?' என்று மட்டும் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். நேற்றுத் திருத்தி அனுப்பியிருக்கிறார். நான்கு இடங்களில் 'நான்' வந்திருக்கிறது. இரண்டு இடங்களில் அது தன் கருத்தே இல்லை என்று கண்டுகொண்டு, சொன்னவர்களின் பெயரைப் போட்டிருக்கிறார். ஏழாவதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேள்வியை எழுதி, விடையை 'மூன்றாம் இயலில் சொல்வேன்' என்று முடித்திருக்கிறார்.