சிட்டி கார்டு கேமில் வருகிற டோக்கனை ரூபாயில் எழுதிப் பாருங்கள்

பிளாக்செயின் சிட்டி கேமில், அதாவது பல கம்ப்யூட்டர்களில் பொதுவாக எழுதப்படும் கணக்கேட்டின் மேல் ஓடும், கார்டு வைத்து ஊர் கட்டும் ஆன்லைன் ஆட்டத்தில், காசு பார்க்கலாமா என்று இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் கேட்காத பையன் இல்லை. எங்கள் ராமநாதபுரம் கரையில் மண்டபத்தில் கேட்டார்கள், தங்கச்சிமடத்தில் கேட்டார்கள், கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி போன் போட்டு "காக்கா (அண்ணே), நூறு நாள்ல போட்ட காசு திரும்பிருமாமே, உண்மையா?" என்றான். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். நான் விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுபவன். இந்த ஆட்டங்களையும் சில வருடங்களாக ஆடி வருகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஆட்டம் நல்ல ஆட்டம்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹைவ் பிளாக்செயினில் 2020-இல் வந்த டிசிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு ஒரு கார்டு, கடை ஒரு கார்டு, தொழிற்சாலை ஒரு கார்டு. வீட்டுக் கார்டு வைத்தால் ஊரில் ஜனம் சேரும். கடைக்கும் தொழிற்சாலைக்கும் வேலை செய்ய ஆள் வேண்டும். ஜனம் பெருகி வேலை இல்லாமல் போனால் ஊர் கெட்டுப்போகும், குற்றம் கூடும். தினமும் நகரத்தின் வருமானம் சிம் என்ற டோக்கனாக, அதாவது ஆட்டத்தின் டிஜிட்டல் காசாக, நம் கணக்கில் வந்து சேரும், அதற்கு ஆட்டத்துக்குள்ளேயே வரியும் உண்டு. ஒவ்வொரு கார்டும் ஒரு என்எஃப்டி, அதாவது பிளாக்செயினில் பதிவான டிஜிட்டல் பொருள், நம் பெயரில் இருக்கும், விற்கலாம், வாங்கலாம். ஒரு ஊர் எப்படி நடக்கிறது என்பதைப் பையன்கள் விளையாட்டாகவே புரிந்துகொள்கிறார்கள். அதில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். எனக்கு இருக்கும் சண்டையெல்லாம் அந்த நூறு நாள் கணக்கோடுதான்.

அந்தக் கணக்கை இப்படித்தான் போடுகிறார்கள். ஒரு கார்டு 400 ரூபாய், தினமும் 4 டோக்கன் தருகிறது, டோக்கன் இன்றைக்கு ஒரு ரூபாய், 400-ஐ 4-ஆல் வகு, 100 நாள், முடிந்தது. இந்தக் கணக்கில் டோக்கனின் விலை நூறு நாளும் ஒரே இடத்தில் நிற்கிறது. அது நிற்காது. மாதத்துக்கு மாதம் பாதியாகிறது என்று வையுங்கள். முதல் மாதம் 120 டோக்கன், 120 ரூபாய். இரண்டாம் மாதமும் அதே 120 டோக்கன், ஆனால் 60 ரூபாய். மூன்றாம் மாதம் 30, அப்புறம் 15, ஏழரை, இப்படியே போகும். ஆயுள் முழுக்கக் கூட்டினாலும் 240 ரூபாயைத் தொடாது. போட்டது 400. ஆனால் போனைத் திறந்தால் தினமும் 4 டோக்கன் தவறாமல் ஏறிக்கொண்டே இருக்கும், பையனும் வருமானம் வருகிறது என்றே நம்பிக்கொண்டிருப்பான்.

மாதாமாதம் பாதியா, அதெல்லாம் அநியாயம் என்பவர்களுக்காக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாதியாகிறது என்றே போடுகிறேன். அப்போது 400-ஐ எடுக்க 160 நாள் ஆகும். அதற்குப் பிறகு எத்தனை வருடம் காத்திருந்தாலும் லாபம் 80 ரூபாயைத் தாண்டாது. கட்டணம், வரி எதுவும் கழிக்காத கணக்கு இது.

விலை ஏன் இறங்குகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். படகில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழித்து மிச்சத்தைப் பங்கு வைக்கிறோம், படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மீனைச் சாப்பிட யாரோ ஒருவர் காசு கொடுத்திருக்கிறார், அவர் நம் படகில் பங்குதாரரும் இல்லை. இந்த ஆட்டத்தில் டோக்கனை யார் வாங்குகிறார்கள்? இன்னொரு ஆட்டக்காரர்தான். அவர் எதற்கு வாங்குகிறார்? கார்டு வாங்க. கார்டு எதற்கு? இன்னும் அதிக டோக்கனுக்கு. வெளியிலிருந்து சாப்பிட ஆள் இல்லாத வியாபாரம் இது. புது ஆட்கள் பணத்தோடு வந்துகொண்டே இருக்கும்வரை விலை நிற்கும், வரத்து குறைந்த அன்றைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பார்கள். டோக்கன் மட்டும் தினமும் அச்சாகிக்கொண்டே இருக்கும். வருமானத்தை எடுக்காமல் மறுபடி கார்டிலேயே போடு, நகரம் பெருகும் என்று அறிவுரை சொல்கிறார்களே, அதைக் கேட்கிறவரை நம் கைக்கு ஒரு ரூபாயும் வருவதில்லை.

உலகம் முழுக்கப் பார்த்த உதாரணம் ஆக்ஸி இன்ஃபினிட்டி. வியட்நாம் கம்பெனி நடத்தும் ஆட்டம், 2021-இல் பிலிப்பைன்ஸில் எத்தனையோ குடும்பங்கள் இதை நம்பிச் சாப்பிட்டன. அதில் கிடைக்கும் எஸ்எல்பி டோக்கன் 2021 ஜூலையில் 35 அமெரிக்க சென்ட்டுக்கு மேலே போனது. அடுத்த வருடம் அதே ஜூலையில் ஒரு சென்ட்கூட இல்லை. நான் மேலே போட்ட பாதிக் கணக்கு இதன் பக்கத்தில் ரொம்பத் தாராளம். நடுவில் 2022 மார்ச்சில் அந்த ஆட்டம் ஓடிய ரோனின் நெட்வொர்க்கை உடைத்து 60 கோடி டாலருக்கு மேல் திருடிக்கொண்டு போனார்கள். வட கொரியாவின் லாசரஸ் கும்பல் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ சொன்னது. ஹைவ் பிளாக்செயினின் சொந்தக் காசான ஹைவ் காயினையும் பாருங்கள், 2021 நவம்பரில் மூன்று டாலரைத் தாண்டியது, 2023-இல் பெரும்பாலும் அரை டாலருக்குக் கீழேதான் கிடந்தது. டிசிட்டியில் சிம்மை விற்றால் கிடைப்பது ஹைவ், ஆக நமக்கு இரண்டு விலைகளும் சேர்ந்து நிற்க வேண்டும்.

ஆக்ஸியில் இன்னொன்றும் நடந்தது. ஆட்டத்துக்கான உருக்களை வாங்கக் காசில்லாத ஏழைப் பையன்களுக்கு, அவற்றை வாங்கி வைத்திருக்கும் முதலாளி இரவல் கொடுப்பார், அவன் ராப்பகலாக ஆடுவான், வருவதில் ஒரு பங்கு முதலாளிக்கு. ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைத்தார்கள். நம் பக்கத்திலும் வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், கார்டு நான் தருகிறேன், நாலு பையன்களைப் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏற்கெனவே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு அவர் சொன்ன விலைக்கு மீனைப் போடுகிற கரை இது. இன்னொரு முன்பணத்தில் இந்த வயதிலேயே நம் பையன்களைச் சேர்த்துவிட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது வரி. இதைப் பற்றி ஒரு வீடியோவிலும் ஒழுங்காகச் சொல்வதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ, என்எஃப்டி லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். அந்த வருடம் ஜூலையிலிருந்து விற்பனைத் தொகையில் 1 சதவீத டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி, இதற்கு ஆண்டு வரம்பு ஒன்று உண்டு. ஒரு கார்டை 2,000-க்கு வாங்கி 5,000-க்கு விற்றால் லாபம் 3,000, வரி 936 ரூபாய். மறுநாள் இன்னொரு கார்டில் அதே 3,000 நஷ்டமானால் மொத்தத்தில் நீங்கள் சம்பாதித்தது பூஜ்யம், ஆனால் அந்த 936-ஐக் கட்டித்தான் ஆக வேண்டும். ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க இங்கே அனுமதி இல்லை. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. தினமும் கார்டு மாற்றி மாற்றி வாங்கி விற்கிறவர்களுக்கு இந்தச் சட்டத்தில் மூச்சு விடக்கூட இடமில்லை.

அப்புறம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம். பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. பணமாக மாற்றக்கூடிய காயினும் டோக்கனும் அந்தச் சட்டத்தின் கணக்கில் வரும். தண்டனை ஆடுகிறவருக்கு இல்லை, நடத்துகிறவருக்கும் விளம்பரம் செய்கிறவருக்கும். ஆள் சேர்த்தால் பலன் கிடைக்கும் ரெஃபரல் லிங்கோடு நூறு நாள் கணக்கைப் பகிரும் நண்பர்கள் தயவுசெய்து அந்தச் சட்டத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு ராத்திரி தூக்கம் கெடுக்கிற விஷயம் பேங்க் கணக்கு. டோக்கனை ரூபாயாக மாற்ற எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் நிறுவனம்) வேண்டாம், நேரடியாக ஆளுக்கு ஆள் விற்றால் நல்ல விலை என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர் அனுப்பும் பணம் எங்கேயோ ஒரு வயதானவரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்தால், புகாரைப் பின்தொடர்ந்து வரும் சைபர் போலீஸ் நம் கணக்கை முடக்கும். நாட்டில் எத்தனையோ பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது. நம் பையனிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகாத குடும்பத்துக்கு வரும் 8,000 ரூபாய் நிவாரணம் அதில்தான் விழுகிறது. அம்மாவின் குழுக் கடன் தவணையும் அதிலிருந்துதான் போகிறது. அது முடங்கினால் எந்த ஊர் ஸ்டேஷனுக்கு ஓடுவது, வடநாட்டில் பதிவான புகாருக்குப் பாம்பனிலிருந்து யார் போய்ப் பதில் சொல்வது? ஆளுக்கு ஆள் விற்கவே விற்காதீர்கள். பணமோசடியைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான எப்.ஐ.யு.-வில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்ச் வழியாக, உங்கள் பெயரில் மட்டும் எடுங்கள். ஏமாந்துவிட்டால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், ஒரு நாள் தள்ளினாலும் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் ஓர் அக்கா காதுத் தோட்டை அடகு வைத்து மகனுக்குக் கார்டு வாங்கக் கொடுத்தார் என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். கழுத்தளவுத் தண்ணீரில் மூழ்கி, பாறையில் கை கிழிந்து அந்த அக்கா சேர்த்த தோடு அது. தம்பிகளா, ஆடுங்கள், இலவசமாகக் கிடைப்பதை வைத்து ஆடுங்கள், நானும் கூட ஆடுகிறேன். அடகுக் காசு, குழுக் கடன், தடைக்காலப் பணம் இந்த மூன்றையும் அதில் போடாதீர்கள்.

சம்பாதித்தேன் என்று சொல்கிறவர்கள் கமெண்டில் வாருங்கள், சண்டைக்கு அல்ல. எந்த மாதம் எவ்வளவு போட்டீர்கள், எந்த மாதம் எவ்வளவு ரூபாய் பேங்குக்கு வந்தது, இவை மட்டும் போதும். டோக்கன் இருப்பைக் காட்டும் வாலட் படம் வேண்டாம், நகரத்தின் மதிப்பு இவ்வளவு என்று ஆட்டம் காட்டும் தொகையும் வேண்டாம். நீங்கள் அனுப்பினால் உட்கார்ந்து கணக்கு எழுதித் தருகிறேன், லாபம் வந்திருந்தால் அதையும் இங்கேயே போடுகிறேன்.

ஏற்கெனவே வாங்கிய கார்டை என்ன செய்வது என்று மூன்று நான்கு பேர் கேட்டிருந்தீர்கள். விற்பனைக்கு வைத்திருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியது, அது எத்தனை நாளைக்கு முன்னால் என்று பாருங்கள். இந்த வாரமும் வாங்க ஆள் இருந்தால், கடன் வாங்கிப் போட்ட பணத்துக்கு ஈடான கார்டுகளை முதலில் விற்று அடகை மீட்டுவிடுங்கள். மீதியை வைத்து ஆடுங்கள்.