தேக்காவின் சுவர்களும் அவற்றின் குரல்களும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகளுடன் சிங்கப்பூரின் தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரத்தில், கெர்பாவ் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். டான் டெங் நியா வீட்டின் முன்னால் வழக்கம்போல் ஒரு கூட்டம் படமெடுத்துக்கொண்டிருந்தது. "அப்பா, இந்த வீட்டில் இருந்தவர் என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டாள். மிட்டாய்த் தொழிற்சாலைகள் வைத்திருந்தார், 1900இல் இதைக் கட்டினார், பின்புறத்தில் ரப்பர் உலர்த்தும் புகைக்கூடம் இருந்தது, அதன் உலையில் கரும்பை எரித்தார்கள் என்றேன். அவள் உடனே மூக்கை உறிஞ்சி, "அப்படியென்றால் இந்தத் தெருவே இனிப்பாக மணந்திருக்குமே!" என்றாள். இத்தனை ஆண்டுகளில் எனக்கு அது தோன்றவே இல்லை.

நம் கட்டடங்களைக் காப்பவர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. நினைவுச்சின்னங்களுக்கென்று 1971இலேயே ஒரு வாரியம் அமைத்த நாடு இது. 1973இல் அறிவிக்கப்பட்ட முதல் எட்டுச் சின்னங்களில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலும் ஒன்று. அந்தப் பொறுப்பு இன்று தேசிய மரபுடைமைக் கழகத்திடம் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் மாரியம்மன் கோயிலில் குடமுழுக்கு நடந்தபோது நெரிசலில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். நாராயண பிள்ளை நிறுவிய அந்தப் பழைய கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது, தீமிதி நடக்கிறது. அங்கே கதை சொல்லத் தனியாக ஆள் தேவையில்லை.

கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகளின் நிலை வேறு. தேக்கா வட்டாரம் 1989இல் மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பகுதியானதால் முகப்பும் சன்னலும் கடை முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையும் பிழைத்தன. என் அப்பா பதினேழு ஆண்டுகள் மசாலாப் பொட்டலம் கட்டிய கடையின் சுவரும் அப்படியே நிற்கிறது. உள்ளே வேறு வணிகம். அதில் தவறில்லை, வாடகை கொடுப்பவர் பிழைக்க வேண்டும். ஆனால் அந்தச் சுவரைத் தாண்டிப் போகும் எவருக்கும் அங்கே மல்லி வறுத்த மணம் இருந்தது தெரியாது. எருமைச் சாலை என்ற பெயர் ஏன் வந்தது, இங்கே மாடு வளர்த்தவர்கள் யார் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் குரல்கள் இருக்கின்றன! தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் சாதாரண மக்களின் நினைவுகளைப் பதிவுசெய்து வருகிறது, தமிழிலும்கூட. குரல் ஓரிடத்திலும் சுவர் ஓரிடத்திலுமாக ஏன் கிடக்க வேண்டும்? பால்காரரின் பேச்சை எருமைச் சாலையில் நின்றே நம் பிள்ளைகள் தமிழில் கேட்கட்டும். ஐந்தடி நடைபாதைத் தூணில் ஒரு சிறு பலகை, கைபேசியில் தட்டினால் இரண்டு நிமிடப் பேச்சு, அவ்வளவுதான் நான் கேட்பது. முகப்புக்குச் சாயம் பூச ஆகும் செலவைப் பார்க்கும்போது இது பெரிய காரியமாக எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு வயது எண்பத்தொன்று. நேற்றிரவு அவர் பேசப் பேசக் கைபேசியில் பதிவுசெய்தேன். முதல் நாற்பது நிமிடமும் மிளகாய் அரைக்கும் மில்லைப் பற்றியே பேசினார். தேக்காவில் வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் எனக்கு எழுதுங்கள், நானே வந்து பதிவுசெய்கிறேன்.