பாம்புக்குப் பதின்மூன்று மாதம்

கார்த்தி: அக்கா, இந்தச் சீனர்கள் புத்தாண்டை மறுபடியும் மாற்றிவிட்டார்கள்!

மல்லிகா: உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையா?

கார்த்தி: போன வருஷம் ஜனவரி 29. இந்த வருஷமும் சிங்கப்பூரில் அன்றைக்கே லீவு என்று நம்பித் திருச்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். இப்போது பார்த்தால் 2026-க்குப் பிப்ரவரி 17 என்கிறார்கள். பொறுப்பே இல்லை.

மல்லிகா: போன வருஷம் தீபாவளி என்றைக்கு, தம்பி?

கார்த்தி: அக்டோபர் 20.

மல்லிகா: அதற்கு முந்தின வருஷம்?

கார்த்தி: 31. ஆனால் அது பஞ்சாங்கம் அக்கா.

மல்லிகா: இது?

கார்த்தி: இது அவர்களாக மாற்றுவது.

மல்லிகா: ஜனவரி பிறந்தால் போதும், லீவு பாரத்தோடு யாராவது என் ஆபீஸ் மேசைக்கு வந்து இதையே சொல்வார்கள். வீட்டுச் சுவரில் ராகு காலம் போட்ட காலண்டர் தொங்கும். அதைக் கிழித்துவிட்டுத்தான் இங்கே வருவார்கள்.

கார்த்தி: இருந்தாலும் ஒரே தேதியில் வைக்கக்கூடாதா?

மல்லிகா: அமாவாசையிடம் போய்க் கேள். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். சூரியக் கணக்குக்குப் 11 நாள் துண்டு விழுகிறது. அதைச் சரிக்கட்ட 19 வருஷத்தில் ஏழு தடவை ஒரு மாதத்தைச் செருகுவார்கள். தெலுங்குக்காரர்கள் அதிக மாதம் என்கிறார்களே, அதே வேலைதான். போன வருஷம் ஆறாம் மாதம் இரண்டு தடவை வந்தது.

கார்த்தி: இரண்டு தடவையா! சம்பளம்?

மல்லிகா: அது ஆங்கில மாதத்துக்குத்தான்.

கார்த்தி: நம் சித்திரை ஒன்றைப் பாருங்கள், ஏப்ரல் 14-ஐ விட்டு அதிகம் அசையாது.

மல்லிகா: அது சூரியக் கணக்கு. அவர்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. கல்லறைக்குப் போய்க் கும்பிடுகிற சிங் மிங், ஏப்ரல் 4 அல்லது 5. அதைப் பற்றி நீ பேசியதே இல்லை. இங்கே அதற்கு லீவு இல்லையே!

கார்த்தி: அரசாங்கமாவது ஒரே தேதியில் வைக்கச் சொல்லக்கூடாதா?

மல்லிகா: அரசாங்கப் பட்டியலில் சீனப் புத்தாண்டு முந்தின வருஷமே முடிவாகிவிடும். தீபாவளிக்குத்தான் நட்சத்திரக் குறி போட்டு, 'இந்தியப் பஞ்சாங்கம் கிடைத்ததும் சரிபார்க்கப்படும்' என்று அடியில் எழுதிய வருஷங்கள் உண்டு. இப்போது சொல், மாற்றுகிறவர் யார்?

கார்த்தி: அதை விடுங்கள். எனக்கே இந்த வருஷம் கண்டம்.

மல்லிகா: என்ன கண்டம்?

கார்த்தி: சீனர்கள் பன்னிரண்டு வருஷத்துக்கும் ஒவ்வொரு மிருகத்தின் பெயர் வைப்பார்களே, வருவது குதிரை வருஷம். நான் 1990, குதிரை. சொந்த வருஷம் வந்தால் ஆகாதாம், சிவப்பு போட்டால் தப்பிக்கலாமாம். சைனாடவுனில் கடைக்காரம்மா சொன்னார். ஆறு வாங்கிவிட்டேன்.

மல்லிகா: ஆறு என்ன?

கார்த்தி: உள்ளே போடுவது.

மல்லிகா: ஜட்டி என்று சொல்லேன். 1990-இல் எந்த மாதம்?

கார்த்தி: ஜனவரி 12.

மல்லிகா: அந்தக் குதிரை வருஷம் பிறந்ததே ஜனவரி 27. நீ பாம்பு.

கார்த்தி: பாம்பா! அப்படியானால் என் கண்டம்?

மல்லிகா: நடந்துகொண்டிருக்கிறது. இப்போது ஓடுவது பாம்பு வருஷம், கூடுதல் மாதத்தோடு 384 நாள். பிப்ரவரி 16 வரைக்கும் பாக்கி இருக்கிறது.

கார்த்தி: அதுதானா! பல்லைப் பிடுங்கினேன், நிச்சயதார்த்தம் நின்றது, வாடகை ஏறியது. எல்லாம் வெள்ளை ஜட்டியால்!

மல்லிகா: வாடகை சிவப்பு போட்டவர்களுக்கும்தான் ஏறியது. வீட்டுக்காரர் அதையெல்லாம் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது நீ எந்த ஊர், வீட்டில் சமைப்பாயா என்றுதான்.

கார்த்தி: நாற்பது வெள்ளி போச்சு. திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

மல்லிகா: ஜட்டியையா? போய்க் கேட்டுப் பார். நான் துணைக்கு வரமாட்டேன்.

கார்த்தி: இதற்குத்தான் ஒரே தேதியில் வைக்கச் சொன்னேன். ஜனவரி 1 என்று வைத்திருந்தால் நான் குதிரையாகவே இருந்திருப்பேன்.

மல்லிகா: இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பிப்ரவரி 16 வரை தினம் ஒன்று போடு.

கார்த்தி: அப்புறம்?

மல்லிகா: அடுத்த பாம்பு 2037-இல்.

கார்த்தி: அதுவரை எலாஸ்டிக் தாங்குமா? சரி, நீங்கள் என்ன வருஷம் அக்கா?

மல்லிகா: மிருகத்தைக் கேட்டுப் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணி என் வயதைப் பிடிக்கலாம் என்று பார்க்கிறாயா? லீவு போட்டுத் தருகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?