சுற்றுவதால்தான் ஒரே முகம்

போயா, அதாவது பௌர்ணமி, அன்றைக்குக் கல்லடிக் கடற்கரையில் நிலவைப் படம் எடுத்துப் போடாத ஆள் மட்டக்களப்பில் குறைவு. போடட்டும். ஆனால் படத்தோடு சேர்த்து, "நிலா தன்னைத்தானே சுற்றாது, அதனால்தான் எப்போதும் ஒரே முகம்" என்று படித்தவர்களே எழுதும்போதுதான் எரிச்சல் வருகிறது. விஷயம் நேர்மாறு.

முற்றத்தில் கதிரை போட்டு அதில் பிள்ளையை இருத்துங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே ஒரு சுற்று வாருங்கள். தொடங்கும்போது உங்கள் முகம் கடல் பக்கம் என்றால், பாதிச் சுற்றில் வாவிப் பக்கம், முடிக்கும்போது திரும்பவும் கடல் பக்கம். நீங்களும் ஒரு தடவை முழுதாகத் திரும்பிவிட்டீர்கள். திரும்பாமல், கடலையே பார்த்துக்கொண்டு சுற்றியிருந்தால் பிள்ளை உங்கள் முதுகையும் பார்த்திருக்கும்.

நிலா தன்னைச் சுற்றுவதும் பூமியைச் சுற்றுவதும் ஒரே 27.3 நாளில். இது தற்செயல் இல்லை. முன்பு வேகமாகச் சுழன்ற நிலாவைப் பூமியின் ஈர்ப்புத்தான் மெல்ல மெல்ல இழுத்துப் பிடித்து இந்த அளவுக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் சுழற்சி சீரானது, ஓட்டம் அப்படி இல்லை. பாதை நீள்வட்டம், கிட்ட வரும்போது வேகம், தள்ளிப் போகும்போது மந்தம். பாதைக்கு நிலா கொஞ்சம் சாய்ந்தும் இருக்கிறது. அதனால் ஓரங்கள் எட்டிப் பார்த்து, காலப்போக்கில் 59 சதவீதம் வரை நமக்குத் தெரியும். மிச்சத்தை 1959இல் சோவியத் விண்கலம் லூனா 3 படம் பிடிக்கும் வரை மனிதர் எவரும் கண்டதில்லை. அந்தப் பக்கமும் இந்தப் பக்கம் போலத்தான் வெயில் அடிக்கிறது, அது நிரந்தர இருட்டுப் பக்கம் ஒன்றும் கிடையாது.

பிறகு ஏன் போயாவுக்குப் போயா 29.5 நாள்? அந்த 27 நாளில் பூமியும் சூரியனைச் சுற்றி நகர்ந்துவிடுகிறது. பழையபடி சூரியனுக்கு நேர் எதிரே வர நிலா இன்னும் இரண்டு நாளுக்குமேல் ஓட வேண்டும். பிள்ளைகள் இரண்டு எண்ணையும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள், ஏன் இரண்டு என்று கேட்டால் முழிக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களும் காத்தான்குடியில் பிறை பார்க்கிறவர்களும் நிலவை அண்ணாந்து பார்த்தே கணக்குச் சொல்வார்கள். நம் ரியூசன் கொட்டில்களில்தான் அது வெறும் படம், அம்புக்குறி, ஐந்து புள்ளி.

கிழக்கே மறைப்பில்லாத கடல் உள்ள ஊர் இது. மாஸ்டர்மாரே, ஒரு வகுப்பையாவது கரையில் வையுங்கள். நிலவு நாளுக்குச் சராசரி 50 நிமிடம் பிந்தித்தான் எழும்பும். அதனால் போயா கழிந்து மூன்றாம் நாள் என்றால் இரவு எட்டு, எட்டரை போல வந்தால் போதும்.