காஃப்கா எதற்கு என்று கேட்டது தப்பா?

மறுபடியும் அந்த ரிவ்யூ விவகாரம்தான்: ஒரு காலேஜில் மாணவர்களின் சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்டுகளைப் பார்த்து மார்க் போடும் ரிவ்யூவுக்கு வெளியாளாகப் போயிருந்தேன். எந்தக் காலேஜ், யார் அவர் என்று இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பையன் செய்த குற்றம் என்ன? நூலகப் புத்தக முன்பதிவுக்கு ஓர் அப்ளிகேஷன். எல்லாம் ஒரே புரோகிராமாக ஒரு மோனோலித், தகவலை வைக்க ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ராத்திரி ஒரு பேக்கப். "ஒரே நேரத்துல 200 பேருக்கு மேல வரமாட்டாங்க சார். எழுதறது நான் ஒருத்தன்தான், தனித்தனியா ஓடற 5 சர்வீஸை என்னால பார்த்துக்க முடியாது" என்றான். எனக்கு எழுந்து கைதட்டலாம் போலிருந்தது. என் பக்கத்தில் மார்க் போட உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "குபெர்னெட்டிஸ் எங்கே?" பல சர்வர்களில் பல சர்வீஸ்களை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் கருவி அது. மார்க் போச்சு.

அடுத்த டீமின் படத்தில் 11 பெட்டி, நடுவில் காஃப்கா, அதாவது சர்வீஸ்களுக்கு இடையே செய்திகளைக் கடத்தும் மென்பொருள். எதற்கு என்றேன். "ஸ்கேலபிலிட்டிக்கு சார், கூட்டம் கூடினாலும் தாங்கும்." எவ்வளவு பேருக்கு? பதிலே இல்லை. மார்க் மட்டும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஏன் இப்படிப் பிரித்தாய், வேறு எப்படிப் பிரித்திருக்கலாம், அதை ஏன் விட்டாய்? ஒரு சிஸ்டத்தை எப்படிப் பிரித்துக் கட்டுவது என்று சொல்லித்தரும் சொல்யூஷன் ஆர்க்கிடெக்சர் பாடத்தில் கேட்க வேண்டியது இதுதான். ஒரு சிஸ்டத்தின் அமைப்பு, அதைக் கட்டுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அமைப்பைப் போலவே வந்து நிற்கும் என்று மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968-லேயே எழுதிவிட்டார். ஆள் ஒருத்தன், அதனால் பெட்டியும் ஒன்று. படிக்காமலே அதைச் சொன்னவனுக்குத்தான் மார்க் குறைவு!

"அதெல்லாம் அனுபவத்தில் வரும், வகுப்பில் வராது" என்பீர்கள். பாதி உண்மை. ஆனால் 99.9% அப்டைம், அதாவது சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும் நேரம், என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் சிஸ்டம் படுத்திருக்கலாம், 99.99% என்றால் 52 நிமிடம்தான். இந்தக் கணக்குப் போட எத்தனை வருட அனுபவம் வேண்டும்? அந்தப் படுத்திருக்கும் நேரத்தைக் குறைக்க எவ்வளவு செலவு, யார் கொடுப்பார்கள் என்று பேசினாலே ஒரு வகுப்பு ஓடிவிடும்.

"இன்டர்வியூவில் சின்னச் சின்ன சர்வீஸாகப் பிரிக்கிற மைக்ரோசர்வீஸ்தானே கேட்கிறார்கள்?" கேட்கட்டும்.

அனுபவத்தில் நான் கற்ற லட்சணத்தையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. பேமென்ட் சர்வீஸிலிருந்து பதில் வர நேரமானால் மறுபடி அனுப்பு என்று ரீட்ரை எழுதினேன். டைம்அவுட் ஆனால், அதாவது காத்திருக்கும் நேரம் முடிந்தால், பணம் போகவில்லை என்றுதான் அர்த்தம் என நினைத்தேன். பணம் போயிருந்தது, பதில்தான் வரவில்லை. ராத்திரி 2 மணிக்கு போன்: ஒரே ஆர்டருக்கு இரண்டு தடவை பணம் பிடித்திருக்கிறது. கோரிக்கைக்கு ஒரு தனி ஐடி கொடுத்து, அதே ஐடி மறுபடி வந்தால் பணம் எடுக்காதே என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஒரே கோரிக்கை எத்தனை தடவை வந்தாலும் ஒரு தடவை வந்த பலன்தான் என்கிற ஐடெம்பொடென்சி என்ற வார்த்தையையே அன்றுதான் கேள்விப்பட்டேன். என் ஃபைனல் இயரில் யூஎம்எல் என்கிற மென்பொருள் வரைபடத்தில் அம்புத் தலையை நிரப்பவில்லை என்று 5 மார்க் குறைத்தார்கள். டைம்அவுட் ஆனால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்கவில்லை. ஆமாம், இன்னும் வலிக்கிறது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

"நீ அங்கேயே சண்டை போட்டிருக்க வேண்டியதுதானே?" சொன்னேன். மெதுவாகச் சொன்னேன். வெளியிலிருந்து போனவன், எவ்வளவு பேச முடியும்? சரி, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

பையன் நேற்று ராத்திரி மெயில் போட்டிருக்கிறான். வியாழக்கிழமை மறு ரிவ்யூவாம். "எத்தனை சர்வீஸா பிரிச்சா சார் ஒத்துக்குவாங்க?" என்று கேட்டிருக்கிறான். நான் இன்னும் பதில் போடவில்லை.