எந்தக் கிளை, எவ்வளவு, எதற்கு?

எங்கள் வீட்டுத் தோட்டத்து ஓக் மரம் எனக்குச் சொந்தம். அதன் கிளையில் ரம்பம் வைக்க மட்டும் உள்ளூர் கவுன்சிலைக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது வக்கீல் அனுப்பிய காகிதக் கட்டில் மரப் பாதுகாப்பு ஆணையும் இருந்தது. இங்கே அதை டிபிஓ என்பார்கள். படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு விஷயம் தெரிந்தபோது கோபம்தான் வந்தது. இலை வாருவது நான், கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுப்பது நான், உத்தரவு போடுவது அவர்களா?

முதல் விண்ணப்பத்தில் ஒரே வரி எழுதினேன்: "வெளிச்சம் இல்லை, சில கிளைகளைக் குறைக்க வேண்டும்." போன வேகத்தில் திரும்பி வந்தது. எந்தக் கிளை, எவ்வளவு, எதற்கு என்று கேட்டிருந்தார்கள். திட்டிக்கொண்டே தோட்டத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். பதில் எனக்கே தெரியவில்லை. சமையலறையை இருட்டாக்கியது ஓக் மரமே இல்லை, வேலியோரத்துப் புதர் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஓக் கிளைகள் கூரையை உரசியது உண்மை. மரம் வெட்டிப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்தேன். "30 சதவீதம் குறைக்கணும்னு எழுதிடாதீங்க. எதுல 30? உயரத்திலயா, இலையிலயா?" என்றார். மரம் வெட்டிப் பராமரிக்கும் வேலைகளுக்கான பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 3998 சொல்வதும் அதுதான்: வெட்டி முடித்த பிறகு மரம் எத்தனை மீட்டர் உயரம், எத்தனை மீட்டர் அகலம் நிற்கும் என்று எழுத வேண்டும். புகைப்படம் எடுத்து, வெட்ட வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு போட்டு அனுப்பினேன்.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு வீக்கம் இருக்கும், கழுத்துப் பட்டை மாதிரி. அதை ஒட்டி வெளியே வெட்டினால் மரம் தன் காயத்தைச் சுற்றி மூடிக்கொள்ளும். அந்த வீக்கத்தையே சேர்த்துச் சீவினால் அழுகல் தண்டுக்குள் இறங்கும். நம் உடம்பு மாதிரி மரத்துக்குப் புண் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுவர் எழுப்பித் தடுத்துவிட்டு மேலே வளர்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது. உச்சியை மொட்டையடித்தால் வெட்டுவாயில் கொத்துக் கொத்தாகத் துளிர் வரும். அவற்றுக்குப் பிடிமானம் குறைவு, பின்னாளில் காற்றுக்கு ஒடிந்து விழும். ஆபத்து என்று மொட்டையடித்து ஆபத்தை வளர்ப்பது இப்படித்தான்.

எனக்குக் குறை இல்லாமல் இல்லை. முடிவு சொல்லக் கவுன்சிலுக்கு 8 வாரம் இருக்கிறது. எதற்கு அனுமதி வேண்டாம் என்பதைக் கடிதத்தின் கடைசியில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். காய்ந்த கிளையை எடுக்க விண்ணப்பமே தேவையில்லை. அது தெரியாமல், பட்ட கிளைக்குக் கீழே குழந்தைகளை விளையாட விட்டுக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அதேபோல, பக்கத்து வீட்டு மரம் நம் பக்கம் நீண்டால் வேலிவரை வெட்டலாம் என்ற நம்பிக்கை டிபிஓ மரத்திடம் செல்லாது. கேட்டுத்தான் வெட்ட வேண்டும். மரம் நமதாக இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். இன்னொன்று, மரத்துக்கான அனுமதி பறவைக் கூட்டுக்கு அனுமதி ஆகாது. 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தனி.

கடைசியில் நான் கேட்ட ஐந்து கிளைகளில் மூன்றுக்கு அனுமதி கிடைத்தது. மற்ற இரண்டை வெட்ட என்ன காரணம் எழுதினேன் என்று திரும்பப் படித்தேன். "அழகுக்காக" என்று இருந்தது. எழுதியது நான்தான். அனுமதி 2 வருஷம் செல்லும். இலையுதிர்காலத்தில் மரம் வெட்டுபவர் வருகிறார். அதற்குள் புதரை வெட்டிவிட்டேன், அதற்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சமையலறையில் இப்போது நல்ல வெளிச்சம்.